முதியோரைப் பேணுதற்குச் சம்பளத்துடன் விடுமுறை

தறியில் அமர்பவர் ஒருவரே. ஆயினும் ஒரு தறி ஓடுவதற்கு ஒருவர் கை போதாது என்பதை நமது அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். தார் சுற்றித் தர ஒருவர் வேண்டும். பாவுக்குக் கஞ்சி போடும் நாளில் வீட்டார் அனைவருமே வேண்டும். அத்தகைய வீட்டில் முதியவர் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் முதலில் நிற்பது தார் சுற்றும் கை. மகளோ மருமகளோ நோயாளியின் அருகில் அமர்ந்துவிடுகிறாள். இரண்டொரு நாளில் ஊடைக்குத் தார் இல்லாமல் தறியும் நின்றுவிடுகிறது. உழவர் குடும்பத்திலும் இதே நிலைதான். தந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்ற வாரத்தில் நாற்று முற்றிவிடும், நீர்முறை தவறிவிடும்.

மருந்துச் செலவை நாம் கணக்கில் எழுதுகிறோம். வண்டிச் சத்தத்தையும் எழுதுகிறோம். ஆனால் வராமற்போன கூலியை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை. மருந்துச் செலவைக் காட்டிலும் அந்தக் கூலி நஷ்டமே பல குடும்பங்களில் பெரிதாயிருக்கிறது. முதியோரைப் பேணுவது நமது கடமை என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அக்கடமையைச் செய்யும் காலத்தில் அடுப்பெரிவதற்கு வழி என்ன என்பதே கேள்வி. இக்கேள்விக்கு வேறு சில நாடுகளில் உழைப்பாளிகள் எவ்வாறு விடை கண்டனர் என்பதையும், அதிலிருந்து நாம் கற்கத்தக்கது யாது என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

சேமிப்பு வேறு, கூட்டுக் காப்பு வேறு

வேலையை நிறுத்திவிட்டு முதியவரைப் பேண வேண்டிய நிலையிலுள்ள ஒருவருக்கு நான்கு வழிகள் உண்டு. தம்முடைய சேமிப்பை எடுத்துச் செலவிடலாம். கடன் வாங்கலாம். முதலாளியின் இரக்கத்தை நம்பியிருக்கலாம். அல்லது, பலர் சேர்ந்து முன்னரே ஏற்படுத்திய பொது நிதியிலிருந்து உரிமையுடன் உதவி பெறலாம்.

இவற்றுள் முதல் வழிக்கும் நான்காவது வழிக்கும் உள்ள வேற்றுமையை நன்கு விளங்கிக்கொள்ளுதல் அவசியம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் அங்கத்தினரின் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து, அரசாங்கத்தின் பங்கையும் சேர்த்துச் சேமிப்பு நிதி வைக்கும் முறை நமக்குப் பழக்கமானதே. அது மிகவும் நல்ல ஏற்பாடு. ஆயினும் அந்நிதியில் அவரவர் பெயரில் சேர்ந்த தொகை அவரவர்க்கே உரியது. தாயின் நோய்க்காக ஒருவர் அதிலிருந்து எடுத்துச் செலவிட்டால், தம்முடைய முதுமைக்கு வைத்ததையே குறைத்துக்கொள்கிறார். ஒரு தலைமுறையின் முதுமைக்கு அடுத்த தலைமுறையின் முதுமையை விலையாகக் கொடுப்பதாக அது முடிகிறது.

கூட்டுக் காப்பு அவ்வாறன்று. அதில் எல்லாரும் சிறு தொகை செலுத்துகிறார்கள். யாருக்குத் துன்பம் நேர்ந்ததோ அவர் பெறுகிறார். துன்பம் நேராதவர் தாம் செலுத்தியதைத் திரும்பப் பெறுவதில்லை. அதற்காக அவர் வருந்துவதும் இல்லை. நமது நாட்டில் 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் இத்தகையதே. தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்த, நோயுற்ற தொழிலாளிக்குக் கூலியில் ஒரு பகுதி கிடைக்கும் ஏற்பாடு அது. ஆனால் அந்தப் பணம் தொழிலாளி தாமே நோயுற்றால்தான் கிடைக்கும். நோயுற்ற தாயின் அருகில் அவர் அமர்ந்திருக்கும் நாட்களுக்கு அதில் இடமில்லை. இந்த இடைவெளியையே கலிபோர்னியாவின் தொழிலாளர் நிதி நிரப்ப முயன்றது.

கலிபோர்னியாவின் நிதி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ராஜ்யங்களுள் ஒன்றான கலிபோர்னியாவில் 1946-ஆம் ஆண்டில் ஒரு பொது நிதி ஏற்பட்டது. வேலையில்லாக் காலத்துக்கென்று தொழிலாளர் அதுவரை செலுத்தி வந்த சந்தா, நோயினால் வேலை செய்ய இயலாத காலத்துக்கென்று திருப்பிவிடப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்நிதி தொழிலாளியின் சொந்த நோய்க்கு மட்டுமே பயன்பட்டு வந்தது.

1993-ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய சட்டம் ஒன்று பிறந்தது. நோயுற்ற பெற்றோரையோ, கணவன் மனைவியரையோ, குழந்தையையோ பேணுவதற்கு ஆண்டில் 12 வாரம் விடுமுறை பெறும் உரிமையை அது அளித்தது. ஆனால் அவ்விடுமுறைக்குச் சம்பளம் இல்லை. 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஸ்தாபனங்கள் அச்சட்டத்துக்கு உட்படவும் இல்லை. ஏட்டில் உரிமை இருந்தும், கூலியின்றி 12 வாரம் வாழ இயலாத ஏழைத் தொழிலாளிக்கு அதனால் விளைந்த பயன் சொற்பமே.

இந்நிலையில் கலிபோர்னியாவின் மேல்சபை அங்கத்தினர் ஷீலா கியூல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 12 வார விடுமுறை, அதற்குரிய செலவில் தொழிலாளியும் முதலாளியும் சரிபாதி என்பது முதலில் எழுதிய திட்டம். வியாபார ஸ்தாபனங்கள் பலமாக எதிர்த்தன. முடிவில் விடுமுறை 6 வாரமாகக் குறைந்தது. செலவு முழுவதும் தொழிலாளரின் சந்தாவிலிருந்தே என்று ஆயிற்று. அவ்வடிவத்தில் 2002-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கவர்னர் கிரே டேவிஸ் அதில் கையெழுத்திட்டார். 2004-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து உதவித் தொகை வழங்கப்பட்டது. 1946-இல் தொடங்கிய அதே நிதியில் புதிய கிளை ஒன்று சேர்ந்தது என்று இதனைக் கூறலாம். அஸ்திவாரம் முன்னரே இருந்தபடியால் புதிய வீடு கட்டும் செலவு ஏற்படவில்லை.

நிதி நடைபெறும் முறை

சந்தா சம்பளத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று பிடிக்கப்படுகிறது. 2025-ஆம் ஆண்டில் அது 100 டாலருக்கு 1 டாலர் 20 சென்ட். சொந்த நோய், குடும்பத்தினரைப் பேணுதல் ஆகிய இரண்டுக்கும் சேர்த்தே இச்சந்தா. முன்னர் ஒரு குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்குச் சந்தா கிடையாது. 2024-ஆம் ஆண்டு முதல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. ஆகவே அதிகம் சம்பாதிப்பவர் தம் சம்பளம் முழுவதற்கும் சந்தா செலுத்துகிறார். அவர் பெறும் உதவித் தொகைக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு.

உதவித் தொகை தொடக்கத்தில் சம்பளத்தில் சுமார் 55 சதவிகிதமாயிருந்தது. பாதிக் கூலியில் குடும்பம் நடத்த இயலாது என்று அஞ்சிக் குறைந்த வருவாயுள்ளோர் பலர் விடுமுறை எடுக்கவே தயங்கினர். சந்தா செலுத்தியவர்களுள் மிக ஏழைகளே பயனடையாமற்போவது நியாயமாகாது. எனவே 2018-ஆம் ஆண்டில் அது 60 முதல் 70 சதவிகிதமாகவும், 2025-ஆம் ஆண்டில் 70 முதல் 90 சதவிகிதமாகவும் உயர்த்தப்பட்டது. குறைந்த கூலி பெறுவோர்க்கே உயர்ந்த சதவிகிதம். 2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் காலமும் 8 வாரமாயிற்று.

முதுமை மட்டுமே உதவிக்குக் காரணமாகாது. பேணப்படுபவர் கடுமையான நோய் நிலையில் உள்ளார் என்பதற்கு மருத்துவரின் சான்று வேண்டும். விடுமுறையை ஒரே தொடர்ச்சியாகத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. நாட்களாகவும், மணிக் கணக்காகவும் பிரித்து எடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் தந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்பவருக்கு இது பேருதவி.

யாரைப் பேணினால் உதவி கிடைக்கும் என்பதிலும் சட்டம் படிப்படியாகவே வளர்ந்தது. தொடக்கத்தில் பெற்றோர், குழந்தை, வாழ்க்கைத் துணை ஆகியோருக்கே இடமிருந்தது. மாமனார், மாமியார், பாட்டன், பாட்டி, பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர் 2014-ஆம் ஆண்டு ஜூலையில்தான் சேர்க்கப்பட்டனர். அதாவது முதல் பத்து ஆண்டுகளில், மாமியாரைப் பேணிய மருமகள் சந்தா செலுத்தியும் அதற்கென உதவி பெற இயலாதிருந்தாள். விதியில் ஒரு சொல் விடுபட்டால் எத்தனை குடும்பங்கள் வெளியே நிற்கும் என்பதற்கு இது சான்று.

அனுபவம் கூறுவது

முதலாளிகள் அஞ்சியவாறு தொழில் கெட்டதா? ரூத் மில்க்மன், எய்லீன் ஆப்பெல்பாம் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2010-ஆம் ஆண்டில் 253 ஸ்தாபனங்களை விசாரித்தனர். உற்பத்தித் திறனில் நன்மை விளைந்தது, அல்லது குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்று கூறியவை சுமார் 89 சதவிகிதம். இவ்வுரிமையைத் தொழிலாளர் தவறாகப் பயன்படுத்தியதாகத் தமக்குத் தெரிய வரவில்லை என்று கூறியவை சுமார் 91 சதவிகிதம்.

முதியோருக்கு நேரிட்ட நன்மையையும் சிலர் ஆராய்ந்தனர். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இத்திட்டத்தின் விளைவாகக் கலிபோர்னியாவில் மருத்துவப் பராமரிப்பு இல்லங்களில் தங்கும் முதியோரின் விகிதம் சுமார் 11 சதவிகிதம் குறைந்தது என்று மதிப்பிட்டது. சில வாரங்கள் அருகிலிருந்து பேண ஒரு மகனுக்கோ மகளுக்கோ வசதி கிடைத்தால், முதியவர் சொந்த வீட்டிலேயே இருக்க இயலுகிறது என்பது இதன் பொருள்.

குறைகளும் உண்டு. மேற்கூறிய 2010-ஆம் ஆண்டு விசாரணையில், இத்தகைய விடுமுறைக்குரிய காரணம் நேர்ந்த 500 பேரையும் கேட்டனர். அவர்களுள் பாதிக்கும் குறைவானோரே இப்படி ஒரு திட்டம் இருப்பதை அறிந்திருந்தனர். சந்தா மட்டும் மாதந்தோறும் எல்லாரிடமும் பிடிக்கப்பட்டு வந்தது! மேலும் இந்நிதி பணம் அளித்ததேயன்றி, திரும்பி வரும்போது வேலை இருக்கும் என்ற உறுதியை அளிக்கவில்லை. அவ்வுறுதி வேறு சட்டங்களைச் சார்ந்திருந்தது. 5 பேர் வேலை செய்யும் சிறு ஸ்தாபனங்களுக்கும் அது பரவியது 2021-ஆம் ஆண்டில்தான்.

குழந்தையும் முதியவரும்

இந்நிதியிலிருந்து உதவி பெறுவோருள் மிகப் பெரும்பாலோர் புதிதாகக் குழந்தை பெற்ற தாய் தந்தையரே. நோயுற்ற உறவினரைப் பேணுவோர் சிறுபான்மையினராகவே உள்ளனர். இதன் காரணத்தைச் சிந்திக்க வேண்டும். குழந்தை பிறக்கும் மாதம் முன்னரே தெரியும்; அதன் வளர்ச்சியும் நாளுக்கு நாள் நம்பிக்கை தரும். முதியவரின் நோயோ சொல்லாமல் வருகிறது. ஆறு வாரமோ ஆறு ஆண்டோ, எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே குழந்தைக்கென்று அமைத்த அளவுகோல் முதியவருக்கு அப்படியே பொருந்தாது.

இதனை நன்கு சிந்தித்த நாடு ஜப்பான். அங்கே 1995-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் குடும்பத்தினரைப் பேணும் விடுமுறை முதலாளிகள் அனைவர்க்கும் கட்டாயமாயிற்று. பேணப்படும் ஒருவருக்கு மொத்தம் 93 நாட்கள் என்பது பின்னர் அமைந்த அளவு. 2017-ஆம் ஆண்டு முதல் அதனை மூன்று பகுதிகளாகப் பிரித்து எடுக்கலாம். தொழிலாளரும் முதலாளிகளும் சந்தா செலுத்தும் வேலைக் காப்பு நிதியிலிருந்து, 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் சம்பளத்தில் 67 சதவிகிதம் கிடைக்கிறது.

93 நாட்கள் ஒரு முதியவரைக் கடைசிவரை பேணப் போதுமா? போதாதென்பதை ஜப்பானியர் அறிவர். அந்நாட்களை ஏற்பாடுகள் செய்வதற்குரிய அவகாசமாகவே அவர்கள் கருதுகின்றனர். மருத்துவரைக் காண்பது, வீட்டைச் சீர்ப்படுத்துவது, உதவியாளரை ஏற்படுத்துவது, உடன்பிறந்தோரிடையே பொறுப்பைப் பங்கிடுவது ஆகியவற்றுக்கே அக்காலம். அதன்பின் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்புத் திட்டம் கைகொடுக்கிறது. அப்படியிருந்தும் 2022-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், ஓராண்டுக்குள் சுமார் 1,06,000 பேர் உறவினரைப் பேணுவதற்காக வேலையை விட்டது தெரியவந்தது. விடுமுறையைப் பற்றி அறிந்து கேட்பவர் குறைவாயிருந்தனர். எனவே 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், தம் வீட்டில் பேணவேண்டியவர் உள்ளார் என்று தெரிவிக்கும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் அவருடைய உரிமையை முதலாளி தனித்தனியே எடுத்துரைக்க வேண்டும் என்ற விதி வந்துள்ளது.

முதலாளி இல்லாதவர் நிலை

இவை யாவும் சம்பளத் தொழிலாளருக்கு அமைந்தவை. சொந்த நிலத்தில் உழுபவருக்கும், வீட்டில் தறி வைத்திருப்பவருக்கும் விடுமுறை கொடுப்பவர் யார்? கலிபோர்னியாவில் சுயதொழில் செய்வோர் தாமாக விரும்பிச் சந்தா செலுத்தி அந்நிதியில் சேர வழியுண்டு. ஆயினும் அங்கும் சம்பளத் தொழிலாளி கேளாமலே உள்ளே இருக்கிறார். சுயதொழிலாளி தாமே தேடிச் சென்று சேர வேண்டியிருக்கிறது. விரும்பியவர் மட்டும் சேரும் நிதிக்கு ஓர் அபாயம் உண்டு. வீட்டில் நோயாளி இருப்பவர் மட்டுமே சேர்வர், மற்றவர் விலகி நிற்பர், நிதி வற்றிவிடும். எல்லாரும் சேர்வதே இத்தகைய நிதியின் உயிர்நாடி. எல்லாரையும் சேர்க்கத்தக்க அமைப்பு நம்மிடம் ஒன்று இருக்கிறது. அதுவே நமது சங்கம்.

பயிற்சிக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத்தில் 200 அங்கத்தினர். ஒவ்வொருவரும் வாரம் 10 ரூபாய் செலுத்துகின்றனர் என்று கொள்வோம். வாரத்துக்கு 2,000 ரூபாய்; 52 வாரத்துக்கு 1,04,000 ரூபாய். வாரக் கூலி 3,000 ரூபாய் என்றும், அதில் 70 சதவிகிதமாகிய 2,100 ரூபாயை 6 வாரம் வழங்குவதென்றும் வைத்தால், ஒருவருக்கு ஆகும் செலவு 12,600 ரூபாய். ஓராண்டில் 7 பேருக்கு வழங்கினால் 88,200 ரூபாய் செலவாகி, 15,800 ரூபாய் சேமநிதியாக நிற்கும். 8 பேர் வந்தாலும் 1,00,800 ரூபாயில் சமாளிக்கலாம். ஒன்பதாவது அங்கத்தினர் வரும்போது பெட்டியில் 3,200 ரூபாயே இருக்கும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. பத்து ரூபாய் என்ற சிறு தொகையும் பலர் சேர்ந்தால் ஆறு வாரம் ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்பது ஒன்று. சிறிய சங்கம் தனியே நின்றால் ஒரு கெட்ட ஆண்டு அதனைக் கவிழ்த்துவிடும் என்பது மற்றொன்று. ஆகவே பல சங்கங்கள் சேர்ந்து ஒரே நிதியாக அமைப்பதே உறுதியானது. அத்தகைய முயற்சியில் இறங்குமுன் மகாசபை அதனை விவாதிக்க வேண்டும். துணைவிதிகளில் உரிய திருத்தம் செய்து பதிவாளரிடம் பதிவு பெற வேண்டும். சட்டம் அறிந்தவரின் ஆலோசனையையும் பெற வேண்டும்.

யாருடைய கை நிற்கிறது?

இறுதியாக, மிக முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சங்கத்தின் அங்கத்தினர் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் தறியில் அமர்பவரின் பெயர். முதியவர் படுக்கையில் விழுந்தபோது நின்றதோ தார் சுற்றுபவரின் கை. அவர் பட்டியலில் இல்லை. அங்கத்தினர் தாமே வேலையை நிறுத்தினால்தான் உதவி என்று விதி எழுதினால், உண்மையில் பேணுபவர் வெளியே நிற்பார். மாமியாரைப் பேணிய கலிபோர்னிய மருமகள் பத்து ஆண்டுகள் நின்றதைப் போலவே. ஆகவே நம்மில் எவரேனும் இத்தகைய நிதியை ஏற்படுத்த முற்பட்டால், வீட்டில் உழைக்கும் ஒவ்வொருவரையும் எண்ணியே விதியை எழுத வேண்டும். தார் சுற்றுபவரும், களை எடுப்பவரும் தம் பெயரிலேயே சந்தா செலுத்தி, தம் பெயரிலேயே உதவி பெறுவது அதனினும் சிறந்தது.

முதியோரைப் பேணுவதற்கு அன்பு நம்மிடம் குறைவில்லை. அன்புள்ளவர் கடனாளி ஆகாமல் காப்பதே கூட்டுறவின் பணி.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. சென்ற ஓராண்டில் நமது சங்க அங்கத்தினரின் வீடுகளில், முதியோரைப் பேணும் பொருட்டுத் தறியோ வயல் வேலையோ எத்தனை நாட்கள் நின்றன? அதனால் இழந்த கூலி எவ்வளவு?

2. அந்நாட்களில் வேலையை நிறுத்தியவர் யார்? அவர் பெயர் சங்கப் பட்டியலில் உள்ளதா?

3. சேமிப்பு நிதிக்கும் கூட்டுக் காப்பு நிதிக்கும் உள்ள வேற்றுமையை ஓர் உதாரணத்தால் விளக்குக.

4. மேலே கொடுத்த கணக்கில் ஓராண்டில் 12 பேருக்கு உதவி தேவைப்பட்டால் எவ்வளவு பணம் குறையும்? சந்தாவை உயர்த்துவதா, வாரங்களைக் குறைப்பதா, வேறு சங்கங்களுடன் சேர்வதா, எது தக்கது?

5. நிதி இருந்தும் அதைப் பற்றி அங்கத்தினர் அறியாதிருக்கும் குறை நம்மிடையே நேராதபடி என்ன செய்யலாம்?